சத்தூர்னோவின் வெளிர் கட்டை

1572, ஏப்ரல் 12. சங்கத்தில் சேர்க்கை. 5 லீரா.
1579, மே 3. திருமணம், சங்கம் கொடுத்த மெழுகுவர்த்தி. 14 சோல்தி.
1584, அக்டோபர் 20. பெண் குழந்தை, சங்கத்தின் அன்பளிப்பு. 1 லீரா.
1588, ஜூன் 9. ஜோவே, நிழல் கட்டை இரண்டு. 24 லீரா.
1589, மார்ச் 18. நெத்தூனோ, நிழல் கட்டை இரண்டு. 24 லீரா.
1589, டிசம்பர் 2. புளூத்தோனே, நிழல் கட்டை இரண்டு. 26 லீரா.
1590, செப்டம்பர் 15. சத்தூர்னோ, நிழல் கட்டை இரண்டு. 26 லீரா. முளை ஒன்றுக்காகக் கழிவு, 1 லீரா 10 சோல்தி.
1590, டிசம்பர் 22. பஞ்ச நிவாரணம். 2 லீரா.
1591, மார்ச் 9. பெயர் நீக்கம்.

பொலோஞா அச்சுக்காரர் சங்கத்தின் புத்தகத்தில் ஃப்ளோரியானோ சம்பெல்லி என்ற பெயருக்கு எதிரே இருப்பவை இந்த ஒன்பது வரிகள். பத்தொன்பது ஆண்டுகள். எல்லாம் சங்கத்தின் கணக்கரான என் கையெழுத்து. கடைசி வரியைச் சுற்றி நடந்தவற்றுக்குப் புத்தகத்தில் இடம் கிடையாது. ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன்.

ஃப்ளோரியானோ பீப்பாய் செய்பவர் ஒருவரின் மூன்றாவது மகன். குள்ளம், தோள் மட்டும் அகலம். எழுதப் படிக்கத் தெரியாது, அளவுகோலில் உள்ள எண்கள் தெரியும். மரம் வாங்கும்போது நாக்கில் விரலை நனைத்துக் கட்டையின் மேல் தேய்த்து, ஈரம் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். மரக்கடைக்காரர்களுக்கு அது பிடிக்காது. மதியம் ரொட்டியும் பச்சை வெங்காயமும். வெங்காயத்தைச் செதுக்கு கத்தியால் வெட்ட மாட்டார், முஷ்டியால் குத்தி உடைப்பார். பாடத் தெரியாது. ஆனால் வேலை செய்யும்போது பாடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதற்காகச் சங்கத்தில் இரண்டு முறை புகார் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் செதுக்கியது நிழல் கட்டைகள் மட்டுமே. ஒரு படத்துக்கு மூன்று கட்டைகள் வேண்டும். ஒன்று கோட்டுக் கட்டை. அதில் கறுப்பு மை. மற்ற இரண்டும் நிழல் கட்டைகள். ஒன்று அடர்ந்த பழுப்பு, இன்னொன்று வெளிர் பழுப்பு. ஒரே தாளை மூன்றின் மேலும் மாற்றி மாற்றி வைத்து அடிக்க வேண்டும். தெய்வத்தின் நெற்றியில், முழங்காலில், தாடி நுனியில் எங்கே வெளிச்சம் விழ வேண்டுமோ அங்கே இரண்டு நிழல் கட்டைகளிலும் மரத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்த இடத்தில் தாள் வெறுமையாக நிற்கும். பார்ப்பவர்கள் அதை வெளிச்சம் என்பார்கள்.

கோடு செதுக்குபவர்களுக்கு நிழல்காரர்கள் என்றால் இளப்பம். பஸ்தியானோ என்று ஒருவன் இருந்தான். கன்தோலி என்ற பதிப்பாளரின் பட்டறையில் கோட்டுக்காரன். சொந்தப் பட்டறை வைக்கும் உரிமை இன்னும் கிடைக்காதவன். ஃப்ளோரியானோவின் மகளுக்கு அவன்தான் ஞானத்தந்தை. சனிக்கிழமைகளில் அவர்கள் இருவரும் நானும் ஒரே மதுக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காருவோம்.

“என்னடா, இன்னைக்கு எத்தனை குழி தோண்டின?” என்று பஸ்தியானோ ஆரம்பிப்பான்.

“பன்னெண்டு. உன்னைப் புதைக்க ஒண்ணு தனியா வச்சிருக்கேன்.”

“குழி தோண்டறவனுக்கெல்லாம் சங்கத்துல இடம் குடுத்தா பேச்சு இப்படித்தான் வரும். ரொட்டிக்கடைக்காரனும் மாவைத் தோண்டறான் கணக்கரே, அவன் பேரையும் எழுதிக்குங்க.”

“நீ செதுக்கறது வெறும் எலும்புடா. சதை என்னோடது. உன் கடல்சாமி நெத்தூனோவை என் கட்டை இல்லாம அடிச்சுப் பாரு, சந்தையில மீன்காரிகூட அவரை மதிக்கமாட்டா.”

பஸ்தியானோ சிரித்து, தன் கோப்பையிலிருந்து பாதியை ஃப்ளோரியானோவின் கோப்பையில் ஊற்றுவான். பதினொரு ஆண்டுகள் இப்படி.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோட்டுக் கட்டை பதிப்பாளரிடம் இருக்கும். நிழல் கட்டைகள் செதுக்கியவர் வீட்டில் இருக்கும். ஒருவர் இல்லாமல் மற்றவர் அச்சடிக்க முடியாது. அச்சடிக்கும் நாளில் நிழல்காரர் தன் கட்டைகளைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார், கடைசித் தாள் விழும்வரை நிற்பார், தன் பங்கை வாங்கிக்கொண்டு கட்டைகளுடன் வீடு திரும்புவார். புத்தகத்தில் பதியாமல் கட்டையை விற்பதோ இரவல் கொடுப்பதோ குற்றம். புதிய கட்டை வந்தால் நான் நேரில் போய் அளவும் குறையும் எழுதி, முதல் தாள்களில் ஒன்றைச் சங்கத்துக்கு எடுத்து வருவேன்.

1590 செப்டம்பரில் சத்தூர்னோவின் கட்டைகளை எழுதப் போனேன். கன்தோலி வரிசையாகக் கேட்ட நான்கு பழைய ரோமத் தெய்வங்களில் அது கடைசி. கிழவர் தன் குழந்தையைக் காலைப் பிடித்துத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோகும் படம். வெளிர் கட்டையில் குழந்தையின் குதிகாலருகே கத்தி வழுக்கி, வெள்ளை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. துளை போட்டு, மரமுளை அடித்து, மேலே சீவிவிட வேண்டும். மற்றவர்கள் பாதி ஆழம் துளைப்பார்கள். ஃப்ளோரியானோ மட்டும் பலகையின் மறுபக்கம் வரும்வரை துளைப்பார். பாதி முளை ஈரத்தில் மேலே எழும், முழு முளை எழாது என்பார். எழாதுதான். ஆனால் முளையும் பலகையும் ஒரே அளவு ஊறுவதில்லை. நனைத்த தாளை வைத்து அடித்தால் முளையைச் சுற்றி மயிரிழை போல ஒரு வெள்ளை வளையம் விழும்.

“இதையும் எழுதணுமா கணக்கரே?”

“எழுதணும்.”

“பட்டாணி அளவுதான்.”

“பட்டாணி அளவுன்னே எழுதறேன். எங்க இருக்கு?”

“வலது ஓரத்துலேருந்து நாலு விரல். கீழேருந்து ஆறு.”

“உன் விரலா, என் விரலா?”

“உங்க விரல் மை குடிச்சு வீங்கிக் கிடக்கு. கோல் வச்சே அளந்துக்குங்க.”

கோல் வைத்து அளந்தேன். ‘முளை முழுத் துளை’ என்றும் சேர்த்து எழுதினேன்.

அந்த ஆண்டு கோதுமை வயலிலேயே அழுகியது. நவம்பரில் ரொட்டியின் எடை பாதியானது, விலை இறங்கவில்லை. கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தெருவோரத்து வளைவு நடைகளின் கூரைக்கு அடியில் படுத்தார்கள். சங்கத்தின் வாசலுக்கும் எங்கள் தேவாலயத்துக்கும் இடையே பெப்ரவரி முடிய நான் கண்ட பிணங்கள் முப்பத்தொன்று. தெய்வப் படங்களை யாரும் வாங்கவில்லை. கன்தோலி கடைசியாக அச்சடித்தது அக்டோபர் 14-ஆம் தேதி, சத்தூர்னோ அறுபது தாள். அதில் விற்றவை ஒன்பது. டிசம்பரில் சங்கம் கொடுத்த இரண்டு லீரா ஃப்ளோரியானோ வீட்டில் ஒன்பது நாள் ஓடியது. பிறகு கஷ்கொட்டைத் தோலை இடித்துத் தவிட்டோடு கலந்து சாப்பிட்டார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு வயிறு உப்பி, கால் குச்சியானது. எனக்கும் வீட்டில் ஏழு வாய்கள். இரண்டு முறை டர்னிப் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டே முறை.

1591 பெப்ரவரி 18, திங்கட்கிழமை காலை, நகரத்தில் ஏழு கதவுகளில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நகரத்தின் தானியக் கிடங்குகளை மேற்பார்த்த அதிகாரி, பதவிச் சங்கிலியோடு, ஒரு குழந்தையைக் காலைப் பிடித்துத் தூக்கி வாயில் வைக்கிறார். குழந்தையின் உடம்பு ரொட்டி போல வரையப்பட்டிருந்தது. கீழே: ‘முன்பு தெய்வம் தின்றது. இப்போது அதிகாரி தின்கிறார்.’ ஒரே கட்டை, கறுப்பு மட்டும், அவசர வேலை. மக்கள் கூடி நின்று சிரித்தார்கள். மதியத்துக்குள் சிரித்தவர்களில் நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி சங்கத்துக்கு வந்தார். புத்தகத்தையும் படத்தாள்களையும் மேசையில் பரப்பச் சொன்னார். கதவிலிருந்து கிழித்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த சங்கத் தலைவர், கறுப்புக்கு நடுவே இருந்த சின்ன வெள்ளை வளையத்தைக் காட்டினார். முளையின் தடம். அதிகாரி புத்தகத்தில் உள்ள முளைகளையெல்லாம் வாசிக்கச் சொன்னார். மொத்தம் நாற்பத்து மூன்று. அளவில் ஒத்துப்போனது ஒன்றுதான். சத்தூர்னோ தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கட்டையில் வலதுபக்கம் இருப்பது தாளில் இடதுபக்கம் விழும்.

“இதுல வளையம் இடதுபக்கம் இருக்கு. அதுல வலதுபக்கம்” என்றார். “அளவு சரி, பக்கம் தப்பு. இது வேற கட்டை.” தாள்களை மடிக்க ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்து, “இருபத்தாறு வருஷமா எழுதறீராமே. இடது வலது தெரியாம எழுதியிருந்தா நான் என்ன பண்றது? இந்தப் புத்தகத்தை நம்பி வந்தேன் பாரும்” என்றார்.

“புத்தகத்துல தப்பு இல்லைங்க” என்றேன். “பலகையைத் திருப்பிப் போட்டு முதுகுல செதுக்கினா, இடது வலதாயிடும்.”

“முளை முதுகு வரைக்குமா வரும்?”

“எல்லாரோடதும் வராது. இது முழுத் துளை. எழுதியிருக்கேன், பாருங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் என் விரல் ஃப்ளோரியானோவின் பெயர் மேல் இருப்பதைக் கவனித்தேன்.

கட்டையை அடையாளம் காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஃப்ளோரியானோ கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க கணக்கரே, இவ்வளவு பேரைக் கூட்டிட்டு வந்தா கூழ் எப்படிப் போதும்?” என்றார். காவலர்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

“சத்தூர்னோ கட்டை ரெண்டையும் எடு” என்றார் அதிகாரி.

தெய்வங்கள் பரண் மேல் தனித்தனிச் சாக்கு மூட்டைகளாக இருந்தன. நான்காவது மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தார். அடர் கட்டை இருந்தது. அதன் கீழே, அதே கனத்தில் அறுத்த ஒரு பழைய பீப்பாய்ப் பலகை. மூட்டை சன்னமாகத் தெரியாமலிருக்க யாரோ வைத்தது. ஃப்ளோரியானோ அந்தப் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தார். மனைவி தியானோராவை அவர் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார். மொச்சை மாவுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் குழந்தை கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தது.

“இன்னொண்ணு எங்கய்யா?”

“எரிச்சுட்டேன்.”

“எப்ப?”

“குளிர்ல. நாள் ஞாபகமில்ல.”

“அவ்வளவு விலை பெத்த கட்டையையா அடுப்புல வச்ச?”

“குளிர் இன்னும் ரெண்டு வாரம் நீடிச்சிருந்தா புளூத்தோனேயையும் வச்சிருப்பேன்.”

தியானோரா அகப்பையோடு முன்னால் வந்தாள். “ஐயா, அது—”

“நீ கூழைப் பாரு” என்றார் ஃப்ளோரியானோ. “அடிபிடிக்குது.”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவரைக் கட்டிக் கூட்டிப்போனார்கள். கூழ் உண்மையாகவே அடிபிடித்தது.

கட்டை என்ன ஆயிற்று என்பதை மறுநாள் அவள் சொன்னாள். ஜனவரி 29-ஆம் தேதி ஃப்ளோரியானோ நிவாரண வரிசையில் நின்றிருந்தபோது பஸ்தியானோ வந்திருக்கிறான். “மதினி, நல்ல பேரிக்காமரப் பலகை ஒண்ணு வேணும். முதுகு மட்டும்தான் எனக்கு. ஈஸ்டர் முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன், அவனுக்குத் தெரியவே வேணாம்” என்று சொல்லி, ஒரு கூடை மொச்சை மாவை வைத்திருக்கிறான். அவள் வெளிர் கட்டையைக் கொடுத்தாள். மாவை மாதாகோயில் தானம் என்று கணவனிடம் சொன்னாள்.

“குழந்தை எழுந்து உக்காந்துச்சு அண்ணே, அந்த மாவுல” என்றாள். “நான் போய்ச் சொல்லிடறேன். பஸ்தியானோ வாங்கினான்னு சொல்லிடறேன்.”

“பஸ்தியானோ எங்க?”

“வீட்ல இல்ல. திங்கட்கிழமை விடியறதுக்குள்ளயே ஃபெர்ராரா போயிட்டானாம்.”

ஃபெர்ராரா வேறு அரசு. இங்கிருந்து யாரும் அங்கே போய் ஒருவனைப் பிடித்துவர முடியாது. நான் அவளிடம் சொன்னேன்: “அவன் வாக்குமூலம் கையில இல்லாம நீ போனா, உன்னைக் கையைக் கட்டிக் கயித்துல தூக்கி வதைப்பாங்க. நீ சொல்றதை நம்பவும் மாட்டாங்க. ஃப்ளோரியானோவையும் விடமாட்டாங்க. குழந்தை தெருவுல நிக்கும்.”

அவள் அடிபிடித்த பானையைச் சுரண்டத் தொடங்கினாள். பிறகு கேட்டாள்: “அந்த வளையம் எங்க கட்டையோடதுன்னு அவங்களுக்கு யாருண்ணே சொன்னது?”

நான் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

ஃப்ளோரியானோவைப் பெப்ரவரி 26-ஆம் தேதியும் மார்ச் 2-ஆம் தேதியும் கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கினார்கள். கதவில் ஒட்டிய தாளைக் காட்டி இது யார் கை வேலை என்று கேட்டார்கள். அந்தத் தாளில் ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு வால் இருந்தது. பஸ்தியானோவின் கோடு என்பது நான்கு தெய்வங்களில் அதன் மேல் நிழல் போட்டவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவர் சொன்னதாகக் குறிப்பில் இருப்பது: ‘நான் நிழல்காரன். கோடு எனக்குத் தெரியாது.’ பஸ்தியானோ பெயரைச் சொன்னால் அவனுக்குக் கட்டை எப்படிப் போனது என்ற அடுத்த கேள்வி வரும். கட்டையை எரித்துவிட்டேன் என்பதிலிருந்து அவர் நகரவில்லை. தானே செதுக்கி, அச்சடித்து, பிறகு எரித்திருக்கிறான் என்று மன்றம் முடிவு கட்டியது. மார்ச் 7-ஆம் தேதி தீர்ப்பு: கப்பலில் மூன்று ஆண்டுகள் துடுப்பு வலிக்க வேண்டும். 9-ஆம் தேதி சங்க விதிப்படி அவர் பெயரின் மேல் கோடு இழுத்தேன்.

தியானோரா அந்தச் செப்டம்பரில் ஃபெர்ராராவுக்கு நடந்து போனாள். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். பஸ்தியானோவுக்கு அங்கே ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. அவளைக் கண்டதும் அழுதானாம். வாக்குமூலம் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டான்.

“இங்க சங்கத்துல சேர மனு போட்டிருக்கேன் மதினி. இப்ப இதைச் சொன்னா என்னை யாரு சேர்ப்பாங்க? சேர்ந்ததும் எழுதித் தரேன். சத்தியமா.”

“அதுவரைக்கும் அவரு?”

“மூணு வருஷம்தானே. அவன் உடம்பு கல்லு. நானாயிருந்தா ஒரு மாசத்துல செத்திருப்பேன்.”

மறு ஆண்டு ஏப்ரலில் மறுபடி போனாள். மனு இன்னும் முடியவில்லை என்றான். வழிச்செலவுக்கு என்று ஒரு நாணயம் கொடுத்தான். அதை அவன் பட்டறை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

கப்பலிலிருந்து முதல் கடிதம் 1591 நவம்பர் 12-ஆம் தேதி வந்தது. கப்பல் குருவானவர் எழுதிக் கொடுத்தது. நான் அவளுக்கு வாசித்தேன். ‘கை நன்றாக இருக்கிறது. சங்கிலி காலுக்குத்தான். ஒரு துடுப்புக்கு ஐந்து பேர். என் பக்கத்தில் ஒரு துருக்கியன், அவனும் மரவேலைக்காரன். துடுப்பு பீச் மரம், மோசமாக அறுத்திருக்கிறார்கள். குழந்தைக்கு மாவு போதுமானதாக இருந்ததா?’ தியானோரா கடைசி வாக்கியத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். குழந்தை அப்போது தெருவில் மற்றப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கடிதம் 1593 ஜனவரி 20-ஆம் தேதி. அது சிறியது. மேல்வரிசைப் பற்கள் விழுந்துவிட்டன, துருக்கியன் இறந்துவிட்டான், அவன் இடத்தில் பாடுகிற ஒருவன் வந்திருக்கிறான், அவன் தன்னைவிட மோசமாகப் பாடுகிறான் என்று எழுதச் சொல்லியிருந்தார். முடிவில்: ‘பஸ்தியானோவைக் கேட்டதாகச் சொல்லவும்.’

தியானோரா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பெப்ரவரியில் மூன்றாம் முறை புறப்பட்டாள். பஸ்தியானோ அதற்குள் ஃபெர்ராராவில் தனிப்பட்டறை வைத்துவிட்டான். வாசலில் புதிய பலகை, உள்ளே மனைவி. இவள் ஒன்றும் கேட்கவில்லை. வாசல் படிக்கு எதிரே, பனியில், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். கடை திறக்கும்போது வருவாள், மூடும்போது எழுந்து போய் ஒரு தொழுவத்தில் படுப்பாள். வந்தவர்களெல்லாம் யார் இந்த அம்மாள் என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் பஸ்தியானோ வெளியே வந்தான்.

“எழுந்து போ தாயே. கடைக்கு ஒருத்தனும் வரமாட்டேங்கறான். நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கயேன்.”

அவள் எழவில்லை. நான்காம் நாள் அவன் மனைவி ஒரு முக்காலியும் சூப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போய்க் கணவனிடம் சத்தம் போட்டாளாம். ஆறாம் நாள் அவன் வந்து, மடியில் என்ன தாள் என்று கேட்டான். இவள் நீட்டினாள். அவனுக்கு வாசிக்கத் தெரியும். நின்றுகொண்டே வாசித்தான். முடித்துவிட்டு வேலை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“வா” என்றான். “பத்திரம் எழுதறவர் வீடு அடுத்த தெருதான்.”

வாக்குமூலத்தின் தேதி பெப்ரவரி 19. ‘கட்டையை வாங்கியதும், அதன் முதுகில் செதுக்கியதும், நாற்பது தாள் அச்சடித்ததும், ஏழு கதவுகளில் ஒட்டியதும், பிறகு கட்டையை ரேனோ ஆற்றில் எறிந்ததும் நான். ஃப்ளோரியானோ சம்பெல்லிக்கு எதுவும் தெரியாது.’ எல்லாக் கோட்டின் முனையிலும் வால் வைக்கிறவன், தன் கையெழுத்திலும் வைத்திருந்தான். அந்த ஆண்டே அவன் ஃபெர்ராரா சங்கத்திலிருந்து நீக்கப்பட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் அந்தப் பத்திரத்தை மன்றத்துக்கு எடுத்துப்போனேன். அதே அதிகாரி. முழுவதும் வாசித்தார்.

“அப்ப எரிச்சேன்னு அவன் சொன்னது பொய்.”

“ஆமாங்க.”

“சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லியிருக்கான். அதுக்குத் தண்டனை?”

“ரெண்டு வருஷமா துடுப்பு வலிக்கறானேங்க.”

“அது வேற குற்றத்துக்கு.”

“அந்தக் குற்றத்தை அவன் செய்யலைன்னுதானே இந்தப் பத்திரம்?”

“பேசத் தெரிஞ்சிருக்கு உமக்கு” என்று சொல்லிப் பத்திரத்தை ஒரு கட்டின் அடியில் வைத்தார்.

பதினோரு முறை போனேன். தேதிகள் என்னிடம் உள்ளன, இங்கே எழுதவில்லை. தியானோராவுக்குச் சங்க விதியை மீறியதற்காகப் பத்து லீரா அபராதம் விதித்தார்கள். கூடவே ஒரு ஞாயிறு முழுவதும் தேவாலய வாசலில் கழுத்தில் ஒரு பலகையோடு நிற்க வேண்டும் என்றார்கள். கல்யாணத் துப்பட்டிகளை விற்று அபராதத்தைக் கட்டினாள். பலகையோடு நின்றபோது கன்தோலியின் மனைவி அவளைப் பார்த்து, “பலகை விக்கறவ, பலகை மாட்டிக்கிட்டு நிக்கறா” என்றாள். தியானோரா, “உங்களுக்கும் ஒண்ணு வேணுமாக்கா? மலிவாத் தரேன்” என்றாள். ஃப்ளோரியானோ பேசுவது போலவே இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1593 ஜூன் 14, திங்கட்கிழமை, விடுதலை ஆணையில் கையெழுத்தானது. தண்டனை நீக்கம், உடனே சங்கிலி கழற்ற வேண்டும். ஆணையின் பிரதியை நான் கையோடு வாங்கி, கடைசி வரிவரை சரிபார்த்தேன். பெயர் சரி, ஊர் சரி, கப்பல் பெயர் சரி. அன்றே துறைமுகத்துக்கு அனுப்பினார்கள்.

தியானோரா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பட்டறை மேசையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கப்பல் நிற்கும் சீவித்தாவெக்கியா துறைமுகத்திலிருந்து பொலோஞாவுக்கு நடந்தால் எத்தனை நாள் என்று சந்தைக்கு வரும் வண்டிக்காரர்களை எல்லாம் கேட்டாள். ஒருவர் பன்னிரண்டு என்றார், ஒருவர் பதினாறு.

“ஜூலை இருபதுக்குள்ள வந்துடுவாருல்ல அண்ணே?”

“ஆணை போய்ச் சேரணும். அங்க அவங்க எழுதிக்கணும். ஜூலை முடிவுன்னு வச்சுக்கோ.”

“நீங்க எப்பவும் பத்து நாள் கூட்டித்தான் சொல்லுவீங்க.”

ஜூலையில் தினமும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தெற்கு வாசலுக்குப் போனாள். பல் இல்லாதவருக்கு என்ன சமைப்பது என்று என் மனைவியிடம் கேட்டு, கோழிச்சாற்றில் ரொட்டியை ஊறவைத்துப் பழகினாள். ஆகஸ்டில் வாசலுக்குப் போவதை நிறுத்தினாள். அவர் எப்போது வருகிறார் என்று கேட்டவர்கள்மேல் எரிந்து விழுந்தாள். நான் கடிதம் எழுதிக் கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். பிறகு அவளே வந்து எழுதச் சொன்னாள். ஆகஸ்ட் 21-ஆம் தேதி எழுதினேன்.

பதில் துறைமுகக் கணக்கரிடமிருந்து வந்தது. ஒழுங்கான கை, தேதி எதையும் விடாமல் எழுதியிருந்தார். கப்பல் மே 22-ஆம் தேதி கோடைச் சுற்றுக்காகக் கிளம்பிவிட்டது. ஆணை ஜூன் 29-ஆம் தேதி துறைமுகத்துக்கு வந்தது. கடலில் உள்ள கப்பலுக்கு ஆணை அனுப்பும் வழக்கம் இல்லை என்பதால் அது அவர் மேசையிலேயே இருந்தது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி, மெஸ்ஸீனாவுக்கு அப்பால், இடதுபக்கம் பதினேழாம் பெஞ்சில் இருந்த ஃப்ளோரியானோ சம்பெல்லி காய்ச்சலில் இறந்தார். உடல் கடலில் விடப்பட்டது. கப்பல் செப்டம்பர் 2-ஆம் தேதி திரும்பியது. ஆணையை நிறைவேற்ற இயலாததால் திருப்பி அனுப்புகிறார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்று கேட்டிருந்தார்.

ஜூன் 14 முதல் ஆகஸ்ட் 11 வரை ஐம்பத்தெட்டு நாட்கள். அத்தனை நாளும் அவர் விடுதலையான மனிதராகத் துடுப்பு வலித்தார்.

கடிதத்தை நான் தியானோராவின் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவள் அதை வாங்கி, முத்திரையைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, வாசிக்க வேண்டாம் என்று சொன்னாள். தேதி மட்டும் கேட்டாள். சொன்னேன். கையெழுத்துக்கான சீட்டில் அவள் ஒரு சிலுவைக் குறி போட, அதன் பக்கத்தில் நான் எழுதினேன்: வந்து சேர்ந்தது 1593, செப்டம்பர் 23, வியாழக்கிழமை.